பாருக்கு அவித்த முட்டை

ஊத்தங்குளத்தில் புத்திசாலிகளும் இருக்கத்தான் செய்கிறார்கள். காலையில் எழுந்து, பல் தேய்த்து, வேலைக்குப் போய், சாயங்காலம் ஒழுங்காக வீட்டுக்குத் திரும்பி வந்துவிடுகிறார்கள். அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இது ரைஸ் மில்லுக்குப் பின்னால் இருக்கும் தகர ஷெட்டில் கூடுகிற மூன்று பேரைப் பற்றியது.

ஷெட்டு வாசலில் 'வீரக்கரங்கள் உடற்பயிற்சி நிலையம்' என்று போர்டு தொங்கும். உள்ளே ஒரு நீளமான இரும்புத் தண்டும் அதன் இரண்டு முனையிலும் மாட்டுவதற்குக் கனமான இரும்புத் தட்டுகளும் உண்டு. தண்டைப் பார் என்பார்கள், தட்டைப் பிளேட் என்பார்கள். ஆளுயரக் கண்ணாடி ஒன்றும் இருந்தது. அதில் தெரிகிறவன் நம்மைவிட நன்றாகத் தூக்குகிறான் என்று மனத்தாங்கல் வந்து, அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டார்கள்.

மூவரில் தலைவன் கொம்பையா. பஜாரில் ஒரு தையல் கடையில் பட்டன் துளைக்குக் காஜா எடுத்து, பட்டனும் தைப்பவன். தையல் கடையில் மாஸ்டர் என்றால் துணி வெட்டுகிறவர்தான். கொம்பையாவை எல்லோரும் "ஏ காஜா" என்றே கூப்பிடுவார்கள். ஷெட்டுக்குள் மட்டும் மற்ற இரண்டு பேரும் அவனை "மாஸ்டர்" என்பார்கள். அந்த ஒரு வார்த்தை காதில் விழுவதற்காகத்தான் அவன் பகல் பூராவும் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தான்.

இரண்டாமவன் நம்பிராஜன், ஜெராக்ஸ் கடையில் வேலை. இவன்தான் யோசிப்பவன். யோசிக்கும்போது வாய் திறந்துகொள்ளும், முடிவுக்கு வந்ததும் மூடிக்கொள்ளும். மூன்றாமவன் வெயிலுமுத்து, வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுகிறவன். அவன் யோசிக்கிற வழக்கமில்லை. சொன்னதைச் செய்வான்.

சித்திரை முடிகிற சமயம் ஒருநாள், மில் முதலாளி ஆவுடையப்பன் அண்ணாச்சி ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். ஷெட்டு அவருடையது.

"ஏல கொம்பையா, என் தவிட்டு மூட்டையெல்லாம் வெளிய கெடக்கு. மழைக்காலம் வந்தா நாறிரும். நீங்க உள்ள நின்னு முக்கிக்கிட்டு இருக்கீங்க. மாவட்டப் போட்டி ஐப்பசியில வருதாம்லா? ஒரே ஒரு மெடல் கொண்டா. ஷெட்டு உங்களுக்குத்தான். இல்லன்னா பாரையும் பிளேட்டையும் தூக்கி வெளிய போட்டுட்டு மூட்டைய அடுக்கிருவேன்."

கொம்பையாவுக்குக் கணக்கு உடனே விளங்கியது. ஷெட்டு போனால் மாஸ்டரும் போய்விடுவார். மிச்சம் இருப்பது காஜா மட்டும்தான்.

வைகாசியில் ஊருக்குள் ஒரு கல்யாணம். ரயில்வே அணிக்காகப் பளு தூக்கும் டேனியல் என்பவர் பெண் வீட்டுக்கு உறவு முறையில் வந்திருந்தார். பந்தியில் உட்கார்ந்த அவருக்கு எதிர் வரிசையில் மூன்று பேரும் இடம் பிடித்தார்கள்.

"சார், எனக்கு ஒரு மெடல் வேணும்" என்றான் கொம்பையா.

டேனியல் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "எத்தன கிலோ இருக்கீங்க?"

"அறுபத்தஞ்சு."

"தரையில இருந்து இடுப்பு வரைக்கும் எவ்வளவு தூக்குவீங்க?"

"நூறு சார். காத்து நல்லா அடிச்சா."

"அப்ப அறுபத்தாறு கிலோப் பிரிவு. மெடல் வேணும்னா இருநூறாவது தூக்கணும். உடம்பு எடை ஏறக்கூடாது, தூக்குற எடை ஏறணும். அந்த பேலன்ஸ்தான் விஷயமே." அவியலை வழித்துக்கொண்டே தொடர்ந்தார். "வாராவாரம் பார்ல கொஞ்சம் ஏத்துங்க. ஏத்துனத எறக்காதீங்க. தூக்கும்போதெல்லாம் உங்க எடைய செக் பண்ணிக்கிட்டே இருங்க. தினம் நாலு முட்டை சாப்பிடுங்க. ஆனா சாப்பிடறது பூராவும் பாருக்குப் போய்ச் சேரணும், தொப்பைக்குப் போகக்கூடாது. புரியுதா?"

அப்போது பாயசம் வந்தது. அதற்குப் பிறகு டேனியல் யாரோடும் பேசவில்லை.

மறுநாளே வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். கொம்பையாவின் மனைவி செண்பகம் நாலு முட்டையை அவித்து, உரித்து, உப்பும் மிளகும் தூவிக் கிண்ணத்தில் நீட்டினாள். கொம்பையா அதைத் தொடாமல் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு ஷெட்டுக்கு நடந்தான். பையைப் பாரின் நடுவில் கட்டித் தொங்கவிட்டான்.

நம்பிராஜன் பைக்குள் பார்த்து முகம் சுளித்தான்.

"மாஸ்டர், உப்பு போட்டிருக்காங்க."

"ஆமா. அதுக்கென்ன?"

"இரும்புக்கு உப்பு ஆகாதே. துருப்பிடிக்கும்."

கொம்பையா தலையில் கைவைத்தான். இவ்வளவு பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாமல் போனதே என்று நடுங்கினான். அன்றிலிருந்து உப்பில்லாமல் அவிக்கும்படி செண்பகத்திடம் சொல்லிவிட்டான். யாருக்குப் பத்தியம் என்று கேட்டாள். பாருக்கு என்றான். அவள் கல்யாணமானதிலிருந்து சில விஷயங்களை முதல் கேள்வியோடு நிறுத்திக்கொள்ளப் பழகியிருந்தாள்.

சாயங்காலம் பையைத் திறந்தால் முட்டை அப்படியே இருந்தது.

"பார் சாப்பிடலையே" என்றான் வெயிலுமுத்து.

நம்பிராஜனின் வாய் திறந்தது. வெகுநேரம் கழித்து மூடியது. "சாப்பிட்டிருக்கு. சாரத்தை எடுத்துக்கிட்டுச் சக்கைய விட்டிருக்கு. சாமிக்குப் படைச்சா அப்படித்தான. சாமி என்ன மென்னா தின்னுது?"

சரி, சக்கையை என்ன செய்வது? மாஸ்டர் சாப்பிட்டால் தொப்பைக்குப் போய்விடும். நம்பிராஜனுக்கு முட்டை வாயு. வெயிலுமுத்துவைச் சாப்பிடச் சொன்னார்கள். அவன் சாப்பிட்டான். நாளடைவில் முட்டையோடு கொம்பையாவின் இட்லி, சோறு, வெள்ளிக்கிழமை வடை எல்லாமே முதலில் பாருக்கும், பிறகு வெயிலுமுத்துவுக்கும் போய்ச் சேர்ந்தன. சாப்பிடுவது பூராவும் என்றல்லவா டேனியல் சொல்லியிருந்தார். கொம்பையா கஞ்சியும் மோரும் குடித்து உயிர் வாழ்ந்தான். குடிப்பதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்தது எடை பார்க்கும் விவகாரம். தூக்கும்போதெல்லாம் எடை பார்க்க வேண்டும் என்பது கட்டளை. மில்லில் மூட்டை நிறுக்கும் தட்டையான தராசு ஒன்று இருந்தது. மேலே ஏறி நின்றால் எதிரே சிவப்பாக எண் தெரியும். அதை அண்ணாச்சியிடம் இரவல் வாங்கி வந்து, கொம்பையாவை அதன் மேல் நிறுத்தி, பாரை முன்னால் போட்டார்கள்.

எண் அறுபத்தைந்து காட்டியது. கொம்பையா குனிந்து நூறு கிலோவைப் பிடித்து, பல்லைக் கடித்துத் தூக்கினான்.

நம்பிராஜன் எண்ணைப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

"மாஸ்டர், கீழ போடுங்க. சீக்கிரம் போடுங்க. நூத்தி அறுபத்தஞ்சு வந்துட்டீங்க."

தொப்பென்று போட்டான். எண் மறுபடியும் அறுபத்தைந்துக்கு வந்தது. மூன்று பேரும் எழவு வீட்டில் உட்காருகிற மாதிரி தரையில் உட்கார்ந்தார்கள்.

"அதான் டேனியல் சார் செக் பண்ணச் சொல்லியிருக்காரு" என்றான் நம்பிராஜன். "பார்ல இருக்கிற எடை கை வழியா உடம்புக்குள்ள எறங்குது. சட்டுன்னு போட்டதால திரும்பிப் போயிட்டு. கொஞ்சம் கூடப் பிடிச்சிருந்தா அங்கனயே தங்கியிருக்கும்."

"போட்டியில தூக்கும்போது இப்படி ஏறுனா?"

"அறுபத்தாறு கிலோப் பிரிவுல நூத்தி அறுபத்தஞ்சு கிலோ ஆள் நின்னா விடுவானா? வெளிய போன்னுருவான்."

கொம்பையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தூக்காவிட்டால் மெடல் இல்லை. தூக்கினால் எடை கூடிவிடும். பளு தூக்கும் போட்டியில் போய்ப் பளு தூக்கக்கூடாது என்றால் மனிதன் என்னதான் செய்வான்?

வழி பிறந்தது தற்செயலாகத்தான். இன்னொரு தரம் முயன்றபோது கொம்பையா தடுமாறினான். எதிரே தரையில் நின்ற வெயிலுமுத்து, மாஸ்டர் விழுந்துவிடுவாரே என்று பாரை ஒரு கை பிடித்தான். எண் சரசரவென்று இறங்கியது.

"விடாத" என்று கத்தினான் நம்பிராஜன். "இன்னும் கொஞ்சம் பிடி."

வெயிலுமுத்து இரண்டு கையாலும் பிடித்து நிமிர்ந்தான். எண் அறுபத்தைந்தில் வந்து நின்றது. பார் கொம்பையாவின் இடுப்பு வரை உயர்ந்திருந்தது. கொம்பையாவின் விரல்கள் அதன் மேல் மெதுவாக ஒட்டிக்கொண்டிருந்தன.

"மாஸ்டர், எப்படி இருக்கு?"

"பூ மாதிரி இருக்குலே."

நம்பிராஜனின் வாய் மூடியது. "கண்டுபிடிச்சாச்சு. உங்களுக்குள்ள போற எடைய வெயிலுமுத்து வாங்கிக்கிடுதான். பலம் உங்களுக்கு, எடை அவனுக்கு. இதுதான் பேலன்ஸ்."

"ஏல வெயிலு, உனக்குச் சம்மதமா?" என்று கொம்பையா கேட்டான். இன்னொருத்தன் மேல் தன் பாரத்தைச் சுமத்த அவனுக்கு மனசு கூசியது.

"எனக்கென்ன மாஸ்டர், போட்டியா கீட்டியா? சும்மாதான நிக்கேன். வாங்கிக்கிடுதேன்."

அன்று முதல் ஷெட்டில் ஒரே முன்னேற்றம்தான். வாராவாரம் பிளேட் ஏறியது. ஏற்றியதை யாரும் இறக்கவில்லை. பார் எவ்வளவு கனத்தாலும் கொம்பையாவுக்குப் பூவாகவே இருந்தது. வெயிலுமுத்துவுக்கு மட்டும் கழுத்து நரம்பு புடைக்கும், முகம் சிவக்கும், பனியன் தெப்பமாக நனையும். எடையை வாங்கிக்கொள்கிறவனுக்கு அவ்வளவுகூட இருக்காதா என்று மற்ற இருவரும் பரிவோடு பார்ப்பார்கள். ஆவணியில் பிளேட் தீர்ந்துபோனது. கொம்பையா வீட்டு அம்மியைத் தூக்கி வந்து பாரில் கயிறு போட்டுக் கட்டினார்கள். தூக்கி வந்ததும் வெயிலுமுத்துதான்.

செண்பகம் ஷெட்டுக்கே வந்துவிட்டாள்.

"என் அம்மி எங்க?"

"பார்ல இருக்கு. எறக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு" என்றான் கொம்பையா.

அவள் பாரைப் பார்த்தாள், அதில் தொங்கிய முட்டைப் பையைப் பார்த்தாள். அப்புறம் புருஷனைப் பார்த்தாள். கன்னம் ஒட்டி, சட்டை தொளதொளவென்று தொங்கியது. பக்கத்தில் வெயிலுமுத்து கதவு அகலத்துக்கு நின்றான்.

"ஏங்க, உங்க பலம்தான கூடுது? பாத்தா அப்படித் தெரியலையே."

"வெளிய தெரிஞ்சா எடை கூடிரும் செண்பகம். உள்ள இருக்கு."

அவள் பெருமூச்சு விட்டு, வீட்டுக்குப் போய் மிக்சியைத் துடைத்து எடுத்தாள். மனசு கேட்காமல் அன்று ராத்திரி கஞ்சியை மட்டும் கெட்டியாகக் காய்ச்சினாள்.

ஐப்பசி வந்தது. மாவட்டத் தலைநகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி. மூன்று பேரும் முதல் பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார்கள். அங்கே கொம்பையாவை நிறுத்தி எடை பார்த்தார்கள். ஐம்பத்தெட்டு. உடம்பு ஏறவே இல்லை, மாறாக இறங்கியிருக்கிறது என்று நம்பிராஜன் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

முதல் முயற்சிக்கு எத்தனை கிலோ என்று நடுவர் கேட்டார். சுந்தரவடிவேல் என்று பெயர். கண்டிப்பானவர், தொப்பிக்காரர்.

"இருநூறு சார்."

நடுவர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கொம்பையாவைப் பார்த்தார். "தம்பி, இருபதா?"

"இருநூறு சார். எனக்கு அது பூ மாதிரி."

பேர் சொல்லி அழைத்தார்கள். கொம்பையா மேடை ஏறினான். எதிர்ப்பக்கம் வெயிலுமுத்துவும் ஏறிப் பாரைப் பிடித்தான். விசில் ஊதினார்கள்.

"அவர் யாருங்க? மேடையில ஒருத்தர்தான் நிக்கணும்" என்றார் நடுவர்.

"இவரு தூக்கமாட்டாரு சார்" என்று கீழே இருந்து நம்பிராஜன் விளக்கினான். "மாஸ்டர் தூக்கும்போது எடைய மட்டும் வாங்கிக்கிடுவாரு. அவ்வளவுதான்."

நடுவர் கையைக் காட்டினார். வெயிலுமுத்துவை இறக்கிவிட்டார்கள். கொம்பையா தனியாகக் குனிந்தான், பிடித்தான், இழுத்தான். பார் அசையவில்லை. இரண்டாம் தரமும் அசையவில்லை. நடுவில் மூவரும் ஓரமாக நின்று ஆலோசித்தார்கள்.

"பலம் உள்ளதான இருக்கு மாஸ்டர்? வெளிய எடுங்க."

"எடுக்கத்தான்லே பாக்கேன். வரமாட்டேங்குது."

"இது வேற ஊர்ப் பார். உங்களத் தெரிஞ்சிருக்காது."

"இப்ப என்ன செய்ய?"

"மரியாதையாக் கேட்டுப் பாருங்க."

மூன்றாவது தரம் கொம்பையா பாரிடம் மரியாதையாகவே கேட்டான். முன் வரிசையில் இருந்தவர்களுக்கு அது காதில் விழுந்தது. பார் கிடந்த இடத்திலேயே கிடந்தது. நேரம் முடிந்தது என்று மணி அடித்தார்கள்.

கொம்பையா எழுந்திருக்கவில்லை. பார் மேலேயே கவிழ்ந்து அழுதான். மண்டபமே பார்க்கிறது என்கிற வெட்கம்கூட இல்லாமல், விசும்பி விசும்பி அழுதான். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் தவிட்டு மூட்டை உள்ளே போவதும், பஜாரில் "ஏ காஜா" என்று கூப்பிடுவதும்தான். இனி சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கே போவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"பாரைக் கொஞ்சம் ஓரமா நகத்துங்க, அடுத்த ஆள் வரணும்" என்றார் நடுவர். அதற்கென்று இருந்த நாலு பேரும் டீ குடிக்கப் போயிருந்தார்கள்.

மாஸ்டர் அழுவதை வெயிலுமுத்துவால் தாங்க முடியவில்லை. மேடையில் ஏறி, கொம்பையாவை மெதுவாக எழுப்பி ஓரமாக நிறுத்தினான். பிறகு குனிந்து, இருநூறு கிலோப் பாரைத் தூக்கி இடுப்போடு அணைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தான்.

"இதை எங்க சார் வைக்கணும்?"

நடுவர் சுந்தரவடிவேலின் வாய் நம்பிராஜனின் வாயைவிட அகலமாகத் திறந்திருந்தது.

"தம்பி, நீங்க எந்தப் பிரிவு?"

"நான் தண்ணி கேன் சார்."

"இதுக்கு முன்னால எவ்வளவு தூக்கியிருக்கீங்க?"

"நான் தூக்குனதே இல்ல சார்."

நடுவர் இறங்கி வந்து அவன் தோளைத் தொட்டுப் பார்த்தார். நூற்றைந்து கிலோப் பிரிவுக்கு மத்தியானம்தான் எடை பார்ப்பார்கள், அதில் பேர் கொடுத்து இதே மாதிரி ஒரு தரம் தூக்கினால் போதும் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். வெயிலுமுத்து ஒத்துக்கொள்ளவில்லை. மாஸ்டர் இருக்கும்போது தான் தூக்குவது மரியாதை இல்லை என்றான். மறுபடியும் ஆலோசனை நடந்தது.

"மாஸ்டர், நான் யோசிச்சிட்டேன்" என்றான் நம்பிராஜன். "இத்தன மாசமா உங்ககிட்ட இருந்து எடைய வாங்குனான்லா, அவசரத்துல பலத்தையும் சேத்து வாங்கிட்டான். வேணும்னு செய்யல. ரெண்டும் கலந்து வந்திருக்கு."

கொம்பையா கண்ணைத் துடைத்தான். "அப்ப அவன்கிட்ட இருக்கிறது என் பலமா?"

"பின்ன யாருது? அவன்தான் தூக்குனதே இல்லையே."

கொம்பையாவின் நெஞ்சில் கிடந்த பெரிய கல் ஒன்று இறங்கியது. பலம் காணாமல் போகவில்லை, பத்திரமாகத்தான் இருக்கிறது, அதுவும் நம்முடைய பயலிடம். அவன் வெயிலுமுத்துவின் முதுகில் தட்டினான். "போலே. போய் என் பலத்தால தூக்கிட்டு வா."

வெயிலுமுத்து போய்த் தூக்கினான். இன்னும் பத்து கிலோ ஏற்றினார்கள், அதையும் தூக்கினான். அவன் பிரிவில் வந்திருந்த இரண்டு பேரும் கை தட்டினார்கள். கழுத்தில் மெடலைப் போட்டதும் அவன் நேரே வந்து அதைக் கழற்றிக் கொம்பையாவுக்குப் போட்டுவிட்டான். "உங்களுது மாஸ்டர்." பஸ்ஸில் ஊர் வரும்வரை கொம்பையா அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டே வந்தான். கண்டக்டர் என்ன என்று கேட்டபோது மெடலைத் தூக்கிக் காட்டினான்.

ஊத்தங்குளத்தில் இறங்கியபோது வானம் கறுத்து, தூறல் விழ ஆரம்பித்திருந்தது. மில் வாசலில் அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். மெடலைக் கையில் வாங்கி, புரட்டிப் பார்த்து, திரும்பக் கொடுத்தார். சொன்ன சொல் மாறாத மனிதர்.

"சரில. ஷெட்டு உங்களுக்குத்தான். நான் உயிரோட இருக்க வரைக்கும் ஒருத்தனும் உங்கள வெளிய போகச் சொல்லமாட்டான்." பிறகு வானத்தைப் பார்த்தார். "இந்த மூட்டைதான் நனையப் போகுது. என்ன செய்ய, அது அதோட தலையெழுத்து." தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார்.

மூன்று பேரும் முற்றத்தில் குவிந்து கிடந்த தவிட்டு மூட்டைகளைப் பார்த்தார்கள். கொம்பையாவுக்கு மனசு பொங்கியது. இவ்வளவு பெரிய மனசு உள்ள ஆளுடைய மூட்டை, தங்கள் கண் முன்னால் நனைவதா? அதுவும் மெடல் வாங்கிய கை சும்மா இருக்கும்போதா?

"ஏல வெயிலு, தூக்கு" என்றான்.

வெயிலுமுத்து தூக்கினான். தலைக்கு ஒன்று, கக்கத்துக்கு ஒன்று. கொம்பையாவும் நம்பிராஜனும் ஒரே மூட்டையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்தார்கள். நனையாத இடம் அந்த வளாகத்தில் ஒன்றுதான் இருந்தது. மழை வலுப்பதற்குள் ஒரு மூட்டை பாக்கி இல்லாமல், தரையிலிருந்து தகரம் வரை இடைவெளி விடாமல் நெருக்கி அடுக்கி, கடைசி மூட்டையை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். கதவு சாத்துவதற்கு மூன்று பேரும் சாய்ந்து அழுத்த வேண்டியிருந்தது.

கொட்டுகிற மழையில், போர்டுக்குக் கீழே ஒண்டிக்கொண்டு நின்றார்கள். மூன்று பேர் முகத்திலும் அப்படியொரு திருப்தி. வெகுநேரம் கழித்துத்தான் கொம்பையாவுக்கு ஞாபகம் வந்தது.

"ஏல நம்பி, நம்ம பார் எங்கலே?"

"உள்ளதான் மாஸ்டர். அடியில கெடக்கு."

"மேல எவ்வளவு மூட்டை இருக்கும்?"

நம்பிராஜனின் வாய் திறந்தது, மூடியது. "மொத்தமும்."

கொம்பையா மெடலை ஒரு தடவை தடவிக்கொண்டு, சாத்திய கதவை மரியாதையோடு பார்த்தான்.

"இப்பதான்லே பார்ல வெயிட்டு சரியா ஏறியிருக்கு. அடுத்த வருசம் இத நான் தனியாவே தூக்கிருவேன்."